ஸ்டெப்னி இருந்த இடம்

பழைய கார்தான். ஆனால் வாங்கிய நாற்பது நாளில் அவன் அதற்குச் செய்யாத அலங்காரம் இல்லை. சீட்டுக்குப் புது உறை, பின்கண்ணாடியில் நெருப்பு கக்கும் கழுகு, டிக்கியில் தெருவையே அதிர வைக்கும் ஸ்பீக்கர். தினமும் காலேஜுக்குக் கிளம்பும் முன் வண்டியைத் துடைத்து, நாலு பக்கமும் நின்று படம் எடுப்பான். டயரில் காற்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்ததில்லை. படத்தில்தான் உருண்டையாகத் தெரிகிறதே.

மாதம் ஒரு தடவையாவது காற்றுப் பாரேன் என்று அம்மா சொல்லும்போதெல்லாம், பொறுப்புள்ள வண்டிக்காரனுக்கு உரிய ஒரே பதிலைச் சொன்னான்: "நான் பாத்துக்கறேம்மா."

அன்று பத்து மணிக்கு அக்காவுக்கு இன்டர்வியூ. ஒரு சரக்குக் கம்பெனியில், வண்டிகளின் பராமரிப்பைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் வேலை. ஏழு மாதம் விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. பஸ்ஸில் போகிறேன் என்றவளை இவன்தான் விடவில்லை. கார் வைத்திருக்கிற தம்பி இருக்கும்போது அக்கா பஸ்ஸில் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அந்த நாலு பேருக்கும் வேறு வேலையே கிடையாது என்பதில் அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

பாதி வழியில், ஒன்பது இருபதுக்கு, வண்டி இடது பக்கமாக இழுத்தது. கூடவே தடதடவென்று ஒரு சத்தம். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டின் தாள அடி என்று நினைத்து ஒலியைக் குறைத்தான். அடி நிற்கவில்லை. இறங்கிப் பார்த்தால், முன்சக்கரம் சப்பையாகத் தரையில் படுத்திருந்தது.

அவன் அசரவில்லை. ஸ்டெப்னி எதற்கு இருக்கிறது, பத்தே நிமிடம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்தான். ஸ்பீக்கர் அவனைப் பார்த்தது. அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஸ்டெப்னி எங்கடா?"

"ரூம்ல இருக்கு."

"எந்த ரூம்ல?"

"என் ரூம்லதான்க்கா. ஸ்பீக்கருக்கு இடம் பத்தல. அதான் மேல கண்ணாடி போட்டு டேபிள் ஆக்கிட்டேன். நீகூட சூப்பரா இருக்குன்னு சொன்னியே."

அக்கா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஃபைலை அணைத்துக்கொண்டு சாலையோரம் போய்க் கை நீட்டினாள். மூன்று வண்டிகள் கண்டுகொள்ளாமல் போயின. நான்காவதாக, எறும்புக்கெல்லாம் வழிவிட்டபடி ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெரியவர். பக்கத்தில் இருந்த மாஸ்டர், போன வருடம் இவனுக்கே கற்றுக்கொடுத்தவர்.

கதையைக் கேட்டு முடித்தார். "ஓட்டத்தான் தம்பி கத்துக்குடுத்தேன். வெச்சுக்கவும் சேத்துக் கத்துக்குடுக்கணும்னு எனக்குத் தோணாம போச்சு."

சக்கரத்தைக் கழற்றி அடுத்த முனையில் இருக்கும் பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, அக்காவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். பெரியவரிடம், இன்றைக்கு மூன்றாவது கியர் பழகிவிடலாம் என்றார். பெரியவர் முகம் வெளுத்தது. அக்காவின் முகமும்.

சக்கரத்தைக் கழற்ற, வண்டியைத் தூக்கும் ஜாக்கி வேண்டும். ஜாக்கி ஸ்பீக்கருக்கு அடியில் இருந்தது. ஸ்பீக்கரைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அது வீட்டில் இருந்தது. அவன் வீட்டுச் சாவியால் ஒவ்வொரு திருகாகத் திருகி ஜாக்கியை வெளியே எடுத்தபோது மணி பதினொன்றரை. அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள்.

"வேலை கிடைச்சிடுச்சுடா. அஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிட்டேன். கவனிக்காம விட்ட வண்டில என்னென்ன பிரச்சினை வரும்னு கேட்டாங்க. மூச்சு விடாம பேசினேன்."

"பாத்தியா, என்னாலதான்."

"ஆமா. அந்த வண்டிக்காரன் யாருன்னும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"யாரோ, வர்ற வழியில பாத்தேன்னு சொல்லிட்டேன்."

அவனுக்கு வலித்தது. வலித்ததைக் காட்டிக்கொள்ளும் நிலைமையில் அவன் இல்லை. கையில் இருந்த ஜாக்கியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"சரிக்கா, அந்த யாரோவுக்காக உங்க கம்பெனில ஒண்ணு கேட்டுச் சொல்லு. ஜாக்கிய வண்டிக்கு அடியில எந்த இடத்துல வெக்கணும்?"