வாசலில் காய்ந்த வடகம்

எங்கள் வீட்டுக்காரர் கஜபதிக்கு ஸ்கூட்டர் வந்த நாளிலிருந்து கால் இல்லாமல் போய்விட்டது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஃபேக்டரி கேட் கூப்பிடு தூரம். அதற்கும் ஸ்கூட்டர். தெருமுனையில் வெற்றிலை வாங்கவும் ஸ்கூட்டர். வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, நாலு உதை உதைத்து, வாசலெல்லாம் புகை மண்டவிட்டுத்தான் கிளம்புவார்.

எனக்கோ அந்த எண்பத்தெட்டு கோடையில் வடகக் கவலை. மகள் வசந்தகுமாரியைத் தையில்தான் அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மே மாத லீவுக்கு முதன்முதலாகச் சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம். "உங்கம்மா வடகம் போடுவாங்களாமே, பார்க்கலாம்" என்று சம்பந்தியம்மா தாட்சாயிணி அவளிடம் சொல்லியிருந்தாள். அதில் ஒரு குறை வந்தால் என் பெண்தான் வருஷமெல்லாம் பேச்சு வாங்க வேண்டும். வாசலில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் ஊற்றினேன்.

காய்ந்ததும் இரண்டு பொரித்து அவருக்கு வைத்தேன். கடித்தவர் முகம் கோணியது.

"இன்னா லோகா, மண்ணெண்ணெய்லயா பொரிச்சே?"

"உங்க வண்டிப் புகைங்க அது! வேட்டி பக்கத்துலயே நின்னு உதைச்சீங்கல்ல? இத எடுத்துக்கினு போனா சம்பந்தி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" அழுதேவிட்டேன்.

மனுஷன் ஆடிப்போய்விட்டார். மறுபடி கூழ் கிளறினேன். இது காயும்வரை தெருவில் வண்டியைக் கிளப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். மறுநாள் வேர்க்க விறுவிறுக்கத் தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போனார். அங்கே நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஃபேக்டரி கேட்! அதற்கப்புறம் பக்கத்து வீட்டு உஸ்மான் கனியோடு அரட்டை அடித்தபடி நடந்தே போக ஆரம்பித்தார்.

அரக்கோணத்துக்கு மட்டும் ஸ்கூட்டர்தான் என்று முறுக்கிக்கொண்டார்.

"வடக டின்ன எங்க வெப்பீங்க? புகைக்கு மேலயா?" என்றேன்.

வழிக்கு வந்து ரயிலேறினார். டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், திருவள்ளூர் தாண்டுமுன்பே சுகமாகக் குறட்டை விட்டார்.

அரக்கோணத்தில் தாட்சாயிணி எல்லாருக்கும் வடகம் பொரித்து வைத்து, தானும் ஒன்றைக் கடித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வசந்தா, உங்கம்மாகிட்ட நல்லா கத்துக்கோ" என்றாள். அப்பாடா என்றிருந்தது.

சம்பந்தி ராஜசேகரன் பெருமையாக எழுந்தார். "நாங்களும் ஸ்கூட்டர் வாங்கிக்கீறோம். வாசல்லதான் கீது. வாங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்."

எங்கள் வீட்டுக்காரர் வாயில் வடகத்தோடு பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க சம்பந்தி! மொதல்ல சொல்லுங்க, உங்க ஊட்ல வடகம் எங்க காயுது?"