பதிலுக்கு விட்ட இடைவெளி

கஸ்தூரிக்கு அந்தக் குரலைப் பிடித்துப்போயிற்று. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் மொழியியலில் முதுகலைப் பட்டயம் படித்துக்கொண்டிருந்தாள். மாலை வகுப்பு. ஆவடியில் ரயிலேறிப் பட்டணம் போய், தமிழே அறியாதவர்களுக்குத் தமிழை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று படித்துவிட்டு வருவாள். "படிக்கிறது தமிழ். அதுக்கு இங்கிலீஷ்ல பரீட்சை. நல்லாருக்கு போ" என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் கேலி செய்வார்கள். படிக்கச் சொன்னவனே அவள் கணவன் கங்காதரன்தான். ராணுவத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனுக்கு அவள் இரண்டாம் தாரம்.

மூத்தவள் பெயர் நாகவல்லி, டீச்சராக இருந்தாள், மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். கஸ்தூரிக்குத் தெரிந்தது அவ்வளவே. வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. "அவன்கிட்ட அந்தப் பேச்சை எடுக்காதே" என்று நாத்தனார் கல்யாணத்தன்றே காதில் போட்டுவிட்டாள். கங்காதரன் நல்லவன். உரக்கப் பேசமாட்டான், சாம்பாரில் உப்பில்லை என்றாலும் சொல்லமாட்டான். ஆனால் பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று எங்கோ காது கொடுப்பவன்போல் நின்றுபோவான். அந்த நேரங்களில் கஸ்தூரிக்கு, வேறு யாரோ இருக்கும் வீட்டில் தான் விருந்தாளியாக வந்து தங்கியிருப்பதாகத் தோன்றும்.

பட்டயத்துக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. ஒரு பேச்சுத் தமிழ்ப் பாடத்தைத் தானே எழுதி, தன் குரலில் டேப்பில் பதிந்து தரவேண்டும். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு கேள்வி. அடுத்து, படிப்பவர் பதில் சொல்வதற்காக ஓர் இடைவெளி. டேப் சும்மா ஓடும். பிறகு சரியான பதிலை ஆசிரியரே சொல்லுவார். அதைத் திருப்பிச் சொல்ல இன்னோர் இடைவெளி. "பாடம் பண்றதுக்கு முன்னாடி மாணவியா உட்கார்ந்து பாரும்மா. இடைவெளி எவ்வளவு விடணும்னு அப்பத்தான் தெரியும்" என்று பேராசிரியர் உலகநாதன் சொல்லியிருந்தார்.

புது டேப் கிடைப்பது அந்த நாளில் குதிரைக்கொம்பு. தொழிற்சாலைப் பயிற்சிப் பள்ளியில், வடக்கேயிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர முன்பு பதிந்த பாடங்கள் கிடந்தன. அங்கே பொறுப்பிலிருந்தவர் ஒரு சுருளையும் டேப் ரிக்கார்டரையும் எடுத்துக் கொடுத்து, "இது பழசு. இதுமேலேயே உங்க பாடத்தைப் பதிஞ்சிக்குங்க. பழசு தானா அழிஞ்சிடும்" என்றார்.

அழிப்பதற்கு முன் மாணவியாக இருந்து பார்க்கலாம் என்று கஸ்தூரி சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அதை ஓடவிட்டாள். ஒரு பெண் குரல். அவசரமில்லாத குரல். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மெல்ல மூச்சிழுத்துக்கொண்டு, எதிரே ஆள் இருப்பதுபோலவே கேட்டது.

"வாங்க. பஸ்ஸிலயா வந்தீங்க?"

"ஆமாம், பஸ்ஸிலதான் வந்தேன்" என்றாள் கஸ்தூரி சிரித்துக்கொண்டே. வீட்டுக்கு வந்தவரை விசாரிக்கிற பாடம் போலிருந்தது.

அரைநாள் ஷிப்ட் முடிந்து கங்காதரன் கொல்லைப்புறமாக வந்ததை அவள் கவனிக்கவில்லை. குழாயடியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டீங்களா?" என்றது குரல்.

கஸ்தூரி வாய் திறப்பதற்குள் குழாயடியிலிருந்து பதில் வந்தது. "எங்க? இனிமேதான் வல்லி."

தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஈர முகத்தோடு அவன் கொல்லை வாசற்படியில் வந்து நின்றான். மேசைமேல் சுற்றுகிற சுருளைப் பார்த்தான், கஸ்தூரியைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது துக்கம்கூட இல்லை. பிடிபட்டவனின் பயம்.

கஸ்தூரி இயந்திரத்தை நிறுத்தினாள். "சாதம் போடவா?" என்றாள். வேறு என்ன கேட்பது?

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவனே சொன்னான். "பயிற்சிப் பள்ளியில கொஞ்ச நாள் அவ பாடம் எடுத்தா. அப்பப் பேசினது."

"இதுமேல நான் பதியணும்னு கொடுத்திருக்காங்க."

"பதிஞ்சிக்கோ" என்றான் உடனே. பிறகு, தலையைத் திருப்பிக்கொண்டு, "அழிஞ்சாலும் நல்லதுதான்."

திங்கட்கிழமை கஸ்தூரி பயிற்சிப் பள்ளிக்குப் போனாள், வேறு சுருள் ஏதாவது கிடைக்குமா என்று கேட்க. டேப் அறையைப் பார்த்துக்கொள்ளும் பால்ராஜ் அவளைக் கண்டதும் அலமாரியைக் காட்டிப் புலம்ப ஆரம்பித்தான்.

"இன்னா டீச்சரம்மா, எத்தினி சுருளு கீது, அதையா எடுத்துகினு போவீங்க? நான் லீவுல போன நேரம் பாத்து குடுத்துட்டாரு பாரு மனுசன். அது நம்ம கங்காதரன் அண்ணாத்தே கேக்குற சுருளு."

"அவர் இங்க வருவாரா?"

"வாராவாரம் புதன்கெழம சாப்பாட்டு டயத்துக்கு வந்துடுவாரு. காதுல மாட்டிகினு அதோ அந்த மூலையில குந்துவாரு. தமிழ்க்காரருக்கு எதுக்குய்யா தமிழ்ப் பாடம்னு மொதல்ல நானே சிரிச்சேன். அப்பால வெசயம் தெரிஞ்சி வாய மூடிக்கினேன்." பால்ராஜ் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணுதான் புரியல டீச்சரம்மா. முழுசா கேட்டதே கெடையாது. ஒரே எடத்துல டக்குனு நிறுத்துவாரு, கழட்டி வெச்சிட்டுப் போயிகினே இருப்பாரு."

கல்யாணமாகி எத்தனையோ புதன்கிழமைகள் போயிருந்தன. ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வரும். வெயிலில் பசிக்கவில்லை என்பான், நம்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடம் முழுவதையும் கேட்டாள். அவன் நிறுத்துகிற இடம் எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வி வந்தது. கையை நீட்டி நிறுத்தப் போனாள். ஆனால் நிறுத்தவில்லை. இந்த முறையில் கேள்விக்கு அப்புறம் என்ன வரும் என்று படித்தவளாயிற்றே. கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணுக்காக அழுதாளா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. இதை அழித்துவிட்டால் இந்த வீட்டில் அவனுக்கும் தனக்கும் நடுவே யாரும் இருக்கமாட்டார்கள் என்று ஒரு மனம் சொன்னது. அழித்துவிட்டால் நாகவல்லி என்றைக்கும் போகமாட்டாள் என்று இன்னொரு மனம் சொன்னது.

மறுநாள் கங்காதரன் வந்ததும் அவனை மேசையருகே உட்காரச் சொன்னாள்.

"பதிஞ்சாச்சா?" என்றான்.

"இல்ல. நான் அழிச்சேன்னா ஆயுசுக்கும் நான் அழிச்சவளா இருப்பேன். நீங்க முழுசா ஒருதரம் கேளுங்க. அப்புறம் என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

"வேணாம் கஸ்தூரி."

"பால்ராஜ் சொன்னான்."

அவன் முகம் இறுகிற்று. எழுந்துபோய்விடுவான் என்று நினைத்தாள். அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"அன்னிக்கு எனக்கு ஓவர்டைம்" என்றான். "காய்ச்சல்தானேன்னு நினைச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. 'வந்துட்டாரா, வந்துட்டாரா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். நான் போய்ச் சேர்ந்தப்போ கேக்கிறதுக்கு அவ இல்ல."

கஸ்தூரி குமிழைத் திருப்பினாள். குரல் வந்தது. பஸ், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக விசாரித்தது. கங்காதரன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அந்த மூச்சு.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

அவன் கை இயந்திரத்தை நோக்கிப் பாய்ந்தது. கஸ்தூரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். டேப் சும்மா ஓடிற்று. அந்த இடைவெளி அவ்வளவு நீளமாக இருக்குமென்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதவில்லை. அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"வேலை இருந்துச்சு. அதான் வர முடியல. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் நாகவல்லி.

கங்காதரன் நிமிர்ந்தான்.

"இவங்களேதான் பதிலையும் சொல்லிக்குடுப்பாங்க" என்றாள் கஸ்தூரி மெதுவாக. "திருப்பிச் சொல்லுங்க. உங்களுக்காகத்தான் டேப் ஓடுது."

"வேலை இருந்துச்சு" என்றான் அவன். குரல் உடைந்தது. "அதான்... அதான் வர முடியல வல்லி. தப்பா நினைச்சுக்காதே."

"பரவாயில்ல. இப்பவாவது வந்தீங்களே" என்றது குரல். யாரோ ஒரு விருந்தாளிக்காக, எப்போதோ ஒரு வேலைநாளில், தாளைப் பார்த்து வாசித்த வாக்கியம்தான். பாடம் அத்தோடு முடிந்தது. சுருள் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கங்காதரன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். கஸ்தூரி அவன் கையை விடவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனே சுருளை ஆரம்பத்துக்குச் சுற்றினான். மைக்கை எடுத்து அவள் பக்கம் வைத்தான். "பேசு. நான் பொத்தானைப் பாத்துக்கறேன்" என்றான். "நிஜமாவா?" என்று கேட்டாள். "அவ இருந்தா, பரீட்சையை வெச்சுக்கிட்டு என்னம்மா தயங்கிக்கிட்டிருக்கேன்னு உன்னைத் திட்டியிருப்பா" என்றான். மூத்தவளைப் பற்றி அவன் அவளிடம் சிரித்துக்கொண்டு சொன்னது அதுதான் முதல் தடவை.

கஸ்தூரி கடைத்தெருவில் காய் வாங்கும் பாடத்தைப் பதிந்தாள். கத்தரிக்காய் என்ன விலை, வெண்டை முற்றலா இளசா. இடைவெளிகளில் இருவரும் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். மாணவியாக இருந்து இருந்து, கஸ்தூரிக்குத் தன் குரலிலும் அந்த அவசரமின்மை வந்து உட்கார்ந்திருப்பதுபோல் பட்டது. அவன் என்ன சொல்லுவானோ?

கங்காதரன் கூர்ந்து கேட்டான். "உன் குரல்தான்" என்றான். "வெண்டைக்காய் கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போற மாதிரியே கேக்கறே. அவளுக்குப் பேரம் பேசவே வராது."

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆனா நடுவுல இருமிட்டே பாரு" என்றான்.

"நான் எங்க இருமினேன்?"

அவன் சுருளைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினான். வெண்டைக்காய்க் கேள்விக்கு அப்புறம், பதிலுக்கு விட்ட இடைவெளியில், வெகு தூரத்திலிருந்து வருவதுபோல ஒரு பெண்ணின் மெல்லிய இருமல் கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய இயந்திரம், முன்பு பதிந்ததைச் சரியாக அழிக்காது என்று பால்ராஜ் சொல்லுவான்.

"வேணும்னா மறுபடி பதிஞ்சிடலாம்" என்றான் கங்காதரன், அவள் முகத்தைப் பார்த்தபடி.

கஸ்தூரி சுருளைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். "மார்க்கு குறைஞ்சா குறையட்டும்" என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."