பெட்டி வராத வாரம்

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் அச்சிடும் அந்தக் கிளை அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'புள்ளியக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பாடத்தைக் கணினியில் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றி, பக்கம் பிரித்து, தடித்த தாளில் குத்தும் இயந்திரத்துக்கு அனுப்புவது அவள் வேலை. வயது நாற்பத்தொன்று. தம்பி குடும்பத்தோடு இருந்தாள். கல்யாணப் பேச்சு ஓய்ந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அதில் அவளுக்கு நிம்மதி என்றே எல்லோரும் நினைத்தார்கள், அவள் உட்பட.

அவள் வேலை பார்த்த மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதை இயந்திரத்துக்கு அனுப்பினாலும், 'இதற்கு நிர்வாகி அனுமதி தேவை' என்று திரை நடுவில் ஒரு பெட்டி வந்து மறித்துக்கொள்ளும். அட்மின் பாஸ்வேர்டு போட்டால்தான் வழிவிடும். அது தெரிந்தவர் தலைமை அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொண்டவர் ஒருவர்தான். அங்கே போகப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். கிளையில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு 'சிஸ்டம் சார்' என்றால் போனில் வரும் ஒரு குரல்.

"சார், பொட்டி வந்துடுச்சு."

"வந்துடுச்சா? மவுஸ்லேர்ந்து கைய எடுத்துக்குங்க, நான் வரேன்."

அங்கிருந்தபடியே அவள் கணினிக்குள் நுழைவார். அம்புக்குறி தானாக நகரும். பாஸ்வேர்டு கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழும். விரலால் தடவியே புள்ளி படிக்கிறவளுக்கும் அவை பிடிகொடுக்காது. ஆனாலும் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மென்பொருள் மறுபடி திறக்க ஒரு நிமிடம் ஆகும். போனை வைக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. முதலில் வெயிலையும் மழையையும் பேசினார்கள். பிறகு, "தொண்ட கட்டியிருக்கே, வெந்நீர் குடிச்சீங்களா?" என்று அவர் கேட்கும் அளவுக்கு வந்தது. அவர் மனைவி இறந்து ஆறு வருடம் ஆனதும், மகள் விடுதியில் தங்கிப் படிப்பதும், இஸ்திரி போடும்போதெல்லாம் அவர் சட்டைக் காலரைக் கருக்கிவிடுவதும் அவளுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாலு நிமிடம், ஐந்து நிமிடம். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. வீட்டில் காய் நறுக்கும்போது தம்பி மனைவி, "என்னக்கா, தானா சிரிக்கறீங்க?" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவரே கூப்பிட்டார்.

"நல்ல சேதி. புது வெர்ஷன் போடறேன். இனிமே பொட்டி வராது."

"வராதா?"

"இத்தன நாளா மொத்த மென்பொருளுக்கும் அட்மின் உரிமை கேட்டுட்டு இருந்துச்சு. நெசத்துல மிஷினோட பேசற சின்ன பகுதிக்கு மட்டும்தான் அது வேணும். அதத் தனியா பிரிச்சுட்டாங்க. இன்னைக்கு ஒரு தடவ அனுமதி குடுத்துட்டா போதும்."

"அப்ப உங்கள கூப்பிட வேண்டாம்."

"வேண்டாம்," என்றார். "உங்க வேல நிக்காதுல்ல."

வேலை நிற்கவே இல்லை. புதன்கிழமைக்குள் இரண்டு புத்தகம் கூடுதலாக முடிந்தன. மேலாளர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். அவளோ ஒவ்வொரு தடவையும் 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்குப் போன் பக்கம் போயிற்று. வியாழக்கிழமை, கணினிக் கடிகாரத்தை மாற்றப் போனால் அந்தப் பெட்டி வரும் என்று நினைவு வந்தது. போய்ப் பார்த்தாள். வந்தது. நேரம் சரியாக இருக்கிற கடிகாரத்துக்கு என்ன குறை சொல்லிக் கூப்பிடுவது? வெட்கப்பட்டு மூடினாள்.

மனம் கேட்காமல் மென்பொருளின் 'இந்தப் பதிப்பு பற்றி' என்ற பக்கத்தைத் திறந்தாள். வெளியான தேதி ஐந்து மாதம் பழையது. மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினாள்.

"அப்பவே அனுப்பிட்டோமே மேடம்," என்றது ஒரு பெண் குரல். "உங்க மத்த ரெண்டு கிளைலயும் உடனே போட்டுட்டாங்க. உங்க கிளைக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு உங்க சார்தான் சொன்னார்."

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள்.

இரண்டாம் மாடியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். காது ஓரம் நரை.

"யாரப் பாக்கணும்?"

"மத்த கிளைக்கெல்லாம் அஞ்சு மாசம் முன்னாடியே போட்டீங்களாமே?"

கம்பி அவர் கையிலிருந்து நழுவியது. "நீங்களா!"

"எங்களுக்கு ஏன் போடல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டா நீங்க கூப்பிட மாட்டீங்க."

"அப்ப இப்ப மட்டும் ஏன் போட்டீங்க?"

"மாத்தல் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழம கிளம்பறேன். புதுசா வர்றவர்கிட்ட நீங்க நாளெல்லாம் கெஞ்சிட்டு நிக்க வேண்டாமேன்னுதான்."

"சொல்லாமயே போயிடலாம்னு இருந்தீங்க."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல."

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. "அஞ்சு மாசம் சார். பிள்ளைங்க புத்தகம் எத்தன பிந்திப் போச்சு தெரியுமா?"

"தப்புதான்," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். கருகிய காலர் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அதற்கு மேல் அவளால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

"நான் மட்டும் ஒழுங்கா?" என்றாள். "ஒரே புத்தகத்த ரெண்டா பிரிச்சு அனுப்புவேன். ரெண்டு தடவ பொட்டி வரட்டும்னு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவள்தான் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள். மாற்றலான ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய சொந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாலு நாள் சத்தமே இல்லை. சாப்பாட்டு நேரத்திலும் போனை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் பகலில் அது அடித்தது.

"வீடு கெடச்சுடுச்சு," என்றார். "நல்ல வெளிச்சம். பேச்சுத் துணைக்குத்தான் ஆள் இல்ல."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு தடவ வந்து பாருங்களேன். ஆனா பஸ்ல ஒம்பது மணி நேரம் ஆகும்."

"ஒம்பதர," என்றாள். "விசாரிச்சுட்டேன்."