படம் முழுக்கத் தண்ணீர்

என் மச்சினன் கல்யாணங்களில் படம் எடுப்பவன். "பறவை எடுக்கிற ஆளுக்கு இந்தச் சின்ன சென்சார் எதுக்கு மாமா? பெருசுக்கு மாறுங்க" என்று என் உயிரை வாங்கினான். நானும் பழைய கேமராவை அவனிடமே கொடுத்துவிட்டு, உள்ளே படம் பதியும் அந்த சென்சார் தகடு பெரிதாக உள்ளதை வாங்கினேன். லென்ஸ் மட்டும் அதே பழைய லென்ஸ்.

இன்று ஏரிக்கரைச் சேற்றில் படுத்து ஒரு மீன்கொத்தியை எடுத்தேன். வீட்டில் கணினியில் திறந்தால் படம் முழுக்கத் தண்ணீர், நடுவில் ஒரு நீலப் புள்ளி. பழைய கேமராவின் சின்ன சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிக்கும்; அதே தூரத்தில் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்கும்.

"சுத்தி வெட்டிக்கலாம் மாமா" என்றான் மச்சினன், சோபாவில் சாய்ந்தபடி.

"வெட்டினா மிஞ்சுறது அந்தச் சின்ன சென்சார் அளவுதான்டா! சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன். நீ எடுக்கிற கல்யாணப் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில நிப்பாங்க, கிட்டப் போய் எடுப்பே. மீன்கொத்தி நிக்குமா? என் பழைய கேமராவை எடு!"

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அது என் ஃப்ரெண்டுகிட்ட இருக்கு மாமா. பறவை எடுக்கப் போறேன்னான். அதுக்குச் சின்ன சென்சார்தான் சரின்னு நான்தான் குடுத்தேன்."