தமிழ் கற்ற மூலிகை

அந்த மொட்டு முதன்முதலாக விரிந்தபோது, வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் கேட்டது. அஞ்சுகவல்லியின் காதில் இன்னும் இருக்கிறது. அன்று ஆய்வுக்கூட வாசலில் நின்று, "நாகர்கோவில் போறேன்" என்று கையசைத்த சக ஊழியர் மரியபுஷ்பம் நாகர்கோவில் போய்ச் சேரவில்லை.

கொரிய மலையிலிருந்து கோத்தகிரிக்குக் கொண்டுவந்த அந்தக் காட்டு மூலிகை அப்படித்தான் பூத்தது. அதன் அருகில் நின்று யாராவது "போறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னவர் போவார், திரும்ப மாட்டார். ஒரு பூ மலரும். "போயிட்டு வரேன்" என்றால் மொட்டு அசையாது. வந்த புதிதில் அதற்குத் தமிழ் தெரியாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. இதழ்ச் சாறு தீராத வலியைத் தணித்ததால், ஆராய்ச்சியை நிறுத்தும் பேச்சே எழவில்லை.

அஞ்சுகவல்லியின் கணவர் தணிகாசலத்துக்கும் அங்கேதான் வேலை. வேர்களை அளப்பார். வார்த்தையில் கவனமில்லாத மனிதர். "டீ குடிக்கப்..." என்று அவர் தொடங்கினால் போதும், இவள் ஓடிப்போய் வாயைப் பொத்துவாள்.

"வரேன்னு சொல்லுங்க."

"டீ குடிச்சிட்டு வரேன். போதுமா தாயே?"

அவளுக்கு அவரை விட்டால் வேறு யாருமில்லை. அதனால் அவருடைய வினைச்சொற்களை அவளே பார்த்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் சாறு தீர்ந்துபோனது. இயக்குநர் ஏகாம்பரம் வந்து செடியின் முன்னால் நின்றார்.

"ஒரு பூ வேணுமேம்மா. யார் வீட்டுலயாவது சண்டை கிண்டை?"

"இல்ல சார்."

"எங்க வீட்டுலயும் இல்ல" என்று வருத்தப்பட்டார்.

அப்போதுதான் தணிகாசலம் வேர்ப் பாத்தியிலிருந்து உள்ளே வந்தார். நெற்றியெல்லாம் சேறு. மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வெள்ளைக் கோட்டுல நீ இன்னும் புதுப்பொண்ணு மாதிரிதான் இருக்க. உன்னைப் பார்த்து வெட்கப்பட்டுக்கிட்டுதான் அது பூக்க மாட்டேங்குது."

அந்த அறைக்குள் அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. காவல் இருப்பவளுக்குச் சிரிக்க ஏது நேரம்? அன்று அடக்க முடியவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு, "அட, போங்க!" என்றாள்.

மொட்டு விரிந்தது.

"போறேன் மட்டும்தான்னு நெனச்சிருந்தோம்" என்றார் ஏகாம்பரம். "ஏவல் வினையும் அதுக்குப் புரிஞ்சிருக்கு."

தணிகாசலம் கைகளைக் கழுவினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"குடை எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்க. நல்லா பெய்யுது."

அவர் வாசலைத் தாண்டியதும் அவள், "வாங்க" என்றாள். பிறகு உரக்க, "வாங்க, இங்க வாங்க" என்றாள். பூத்த பிறகு அந்தச் செடி எதையும் காதில் வாங்குவதில்லை. இதழ் வாடினால் சாறு வராது என்பதால், அவளே பூவைப் பறித்துக் குடுவையில் இட்டாள்.

தணிகாசலம் இப்போது கொரியாவில், ஒரு மலையின் வடக்குச் சரிவில் வேர்பிடித்திருக்கிறார். அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அவரைக் காட்டு மூலிகை என்று வகைப்படுத்தி, தினமும் அருகில் நின்று பேசிப் பார்க்கிறார்கள். அவருக்கு இன்னும் கொரிய மொழி வரவில்லை, அதனால் பூக்கவில்லை.