ஒற்றை வயர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தானியக் கிடங்குகளின் ஒருங்கிணைந்த மேற்பார்வை நிறுவனத்தின் தலைமை இயக்குநர் மேன்மைமிகு தோலெகென் அகா அவர்களின் மேஜைமீது இன்று முதல் ஒரே ஒரு வயர் மட்டுமே காணப்படும். இத்துடன் நம் நிறுவனம் புதிய யுகத்துக்குள் காலடி எடுத்து வைக்கிறது.

துணை இயக்குநர் குவானிஷ் இதை நின்றுகொண்டு படித்தார். கேட்டவர்களும் நின்றுகொண்டுதான் கேட்டார்கள். இயக்குநர் அறையில் இருந்த நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டுக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் மேஜை. மேஜைமேல் பூவேலை செய்த கம்பளித் துண்டு. துண்டின்மேல் செங்கல்லைப் போலக் கறுப்பாக ஒரு டாக்கிங் ஸ்டேஷன். யாரும் நகர்த்திவிடக் கூடாதென்று குவானிஷ் அதைத் துண்டோடும் துண்டை மேஜையோடும் பசை போட்டு ஒட்டியிருந்தார். லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை அந்தப் பெட்டியில் செருகினால் போதும். இரண்டு பெரிய திரைகள், கீபோர்டு, இணையம், பிரிண்டர், சார்ஜ் எல்லாம் அதன் வழியே வந்துவிடும். மற்ற வயர்கள் ஒழிந்துவிடவில்லை, மேஜைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. எங்கள் தலைநகர் அஸ்தானாவில் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டப்பட்ட பலதும் இப்படித்தான் நடக்கும்.

ரிப்பன் வெட்டப்பட்ட நேரத்தில் மர்ஜான் மேஜைக்கு அடியில் முழங்காலிட்டு, பெட்டியின் மின் இணைப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். நிறுவனத்தின் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான். தலைக்கு மேலே கைதட்டல் கேட்டது. இயக்குநரின் மனைவி வழக்கப்படி மிட்டாயும் சில்லறையும் வாரி இறைத்தாள். ஒரு மிட்டாய் மர்ஜானின் கழுத்துக்குள் விழுந்தது. அவள் வெளியே வந்தபோது இரண்டு திரைகளும் ஒளிர்ந்தன. எல்லோரும் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த அரை மணிக்குள் இரண்டாவது திரை அணைந்தது.

அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவள் அவள் இல்லை. மூன்று பெட்டிகளை வரவழைத்து, தன் மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்து, சிறியதாக இருந்த ஒன்றைத்தான் அவள் சொன்னாள். பெரியவர் என்ற மரியாதையில் எல்லோரும் அகா என்று அழைக்கும் தோலெகென் மூன்றையும் கையில் தூக்கிப் பார்த்தார். சந்தையில் ஆட்டின் வால்கொழுப்பை அமுக்கிப் பார்க்கும் அதே முகம்.

"இதுல ஒண்ணுமே இல்லையே, மருமகளே. வெளியில இருந்து ஆள் வந்தா இதையா காட்டுறது? இந்தா, இதப் பாரு. கையில எடுத்தாலே ஒரு மரியாதை தெரியுது."

"அந்த எடை அடியில இருக்கிற இரும்புத் தகடு அகா. வேலை ரெண்டும் ஒண்ணுதான். இதுல மேல பெரிய பெரிய பிளவு வேற. தூசி உள்ள போகும்."

"பிளவு இருந்தாத்தானே மூச்சு விடும்? வாங்கு."

அவர் அவளை மருமகளே என்றது வெறும் பாசத்தினால் அல்ல. அவள் கணவன் அஸ்கத்துக்குத் தாய்மாமன் அவர். பெண் கேட்டு வந்த கூட்டத்தில் முதலில் காலணியைக் கழற்றி உள்ளே வந்தவர், இந்த வேலையையும் வாங்கித் தந்தவர். போன கோடையில் அஸ்கத்துக்கு அல்மாட்டியில் வேலை கிடைத்தது. மகள் டோமிரிஸையும் அங்கேயே பள்ளியில் சேர்த்தாயிற்று. மர்ஜானும் போக வேண்டும், அங்கே அவளுக்கும் ஒரு வேலை காத்திருந்தது. சட்டப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஆனால் சட்டத்துக்கு மாமியார் கிடையாது. தாய்மாமன் கைகளை விரித்து ஆசி சொல்லாமல் இந்தக் குடும்பத்தில் யாரும் ஊர் மாறியதில்லை. தோலெகென் அகாவோ, "என் ரெண்டு திரையும் ஓடட்டும், அன்னைக்கே ஆசி" என்று சொல்லியிருந்தார்.

ஆக, அவள் குடும்பம் முழுதும் இப்போது அந்த இரண்டாவது திரைக்குள் இருந்தது.

மர்ஜான் முறையாகத்தான் தேடினாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எது சரிசெய்தது என்று தெரியாது. வயரை மாற்றினாள். திரைகளை இடம் மாற்றினாள். வேறு லேப்டாப்பைச் செருகினாள். மென்பொருளை நீக்கித் திரும்பப் போட்டாள். பெட்டி சில்லென்று இருக்கும்போது எல்லாம் ஓடியது. சூடேறியதும் ஒன்று அணைந்தது. அகா மேஜையைத் தட்டிப் பேசினால் உடனே அணைந்தது, அவரோ தட்டாமல் பேசி யாரும் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டாள். "உத்தரவாதம் போயிடும்" என்றார். அப்படியானால் விற்றவர்களுக்கு அனுப்பலாம் என்றாள். "யுகம் பொறந்துடுச்சுன்னு அறிவிச்சிட்டு, யுகத்தைப் பார்சல் பண்ணி அனுப்பச் சொல்றியா?" என்றார். இதெல்லாம் கண்ணேறு என்று குவானிஷ் கண்டுபிடித்து, காட்டுமூலிகை கொளுத்தி அறை முழுக்கப் புகை காட்டினார். தீ எச்சரிக்கை மணி அலறியது. மைனஸ் முப்பது குளிரில் மொத்த அலுவலகமும் தெருவில் போய் நின்றது. திரும்பி வந்தபோது பெட்டி குளிர்ந்திருந்ததால் இரண்டு திரைகளும் ஓடின. குவானிஷ் அன்றைக்கு மதியம் வரை மேதையாக இருந்தார்.

மாலையில் அஸ்கத் அழைத்தான்.

"எப்ப வர்ற?"

"ரெண்டாவது திரைக்கு உயிர் வந்ததும்."

"மொதல் திரை?"

"அதுக்கு உயிர் இருக்கு."

"அப்ப பாதி ஆளாவது வந்து சேரு."

அவள் சிரிப்பதற்குள் டோமிரிஸ் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, அப்பாவுக்குச் சடை போடத் தெரியல. குதிரை வால் மாதிரி போடுறாரு. நான் கிளாஸுக்குள்ள போனாலே பசங்க கனைக்கிறாங்க."

"நீயும் பதிலுக்குக் கனைச்சிட்டு உக்காரு கண்ணு. வந்துடுறேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்ன."

பிப்ரவரியில் அகா ஒரு கிடங்குத் திறப்புக்காக வெளியூர் போனார். கார் கிளம்பியதும் மர்ஜான் அறைக்கதவைச் சாத்திவிட்டு, பெட்டிக்கு அடியில் ஒரு இரும்பு அளவுகோலை நுழைத்து நெம்பினாள். கம்பளிப் பூக்களில் ஒன்று கிழிந்து கூடவே வந்தது. பெட்டியைத் தூக்கியதும் உள்ளே சலங்கை குலுங்குவதுபோல ஓசை. திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளே, சின்னச் சின்னப் பாகங்களின் நடுவில், ஒரு ஐம்பது தெங்கே நாணயம். அதைச் சுற்றி இருபதுகள், பத்துகள். உண்டியலைத் திறந்ததுபோல இருந்தது.

அவள் நாணயங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குவானிஷ் உள்ளே வந்துவிட்டார். வந்தவர் கதவைத் தாழ் போட்டார்.

"இது என்ன?" என்றாள் மர்ஜான்.

"அது... புதுப் பாத்திரத்தைக் காலியா வைக்கக் கூடாதும்மா. ரிப்பன் வெட்டினதும் அகா ராசிக்குன்னு மேல இருந்த பிளவுல ஒரு காசு போட்டாரு. நீ மேஜைக்கடியில இருந்த."

"மத்தது?"

"அவரு போட்டப்புறம் நாங்க போடாம நிக்க முடியுமா? வரிசையா வந்து போட்டோம்."

"இது பாத்திரம் இல்ல. கரண்டு ஓடுற சாமான். காசு மறைச்சு சூடு ஏறினாலும், நகர்ந்து பட்டாலும் அதுவா தன்னை அணைச்சிக்குது. இவ்வளவு நாள் எரிஞ்சு போகாததே பெரிசு. உங்க காசை எடுத்துக்குங்க."

குவானிஷ் குனிந்து பார்த்தார். "என்னோடது எதுன்னு தெரியலையே."

"ஐம்பது அகாவோடது. அதுக்கு மேல போட உங்கள்ல எவனுக்கும் தைரியம் இருந்திருக்காது. மிச்சத்துல எதையாவது எடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "மர்ஜான், காசு விஷயத்தை அகாகிட்ட சொல்லிடாத. தன் கையால கெடுத்தாருன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னா, அப்புறம் அந்தக் கையை உனக்கு விரிப்பாரா?"

அது உண்மைதான். சொன்னால் ஆசி இல்லை. சொல்லாவிட்டால் வேலை முடிந்தது, திரைகள் ஓடுகின்றன, சொன்ன சொல்லை அவர் காப்பாற்றியாக வேண்டும். இதில் வேறு கணக்கு இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நாணயங்களைப் பொறுக்கிக் குவானிஷின் கையில் கொட்டினாள். மூடியைப் பூட்டி, பிளவுகளின்மேல் மெல்லிய வலைத்துணி ஒன்றை ஒட்டினாள்.

ஊர் திரும்பிய அகா நாள் முழுக்க மேஜையைத் தட்டித் தட்டிப் பேசிப் பார்த்தார். ஒரு திரையும் அணையவில்லை. மாலையில் அவளைக் கூப்பிட்டார்.

"என்ன பண்ணின?"

"சுத்தம் பண்ணினேன், அகா."

"விற்கிறவனாலயே முடியாதது. துணை இயக்குநரால முடியாதது. நீ வெறுமனே சுத்தம் பண்ணின." அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அன்று அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்த அதே பார்வை. "வெள்ளிக்கிழமை மதியம் விருந்து. உன் மாமியாரையும் கூட்டிட்டு வா. ஆசி சொல்லணும்."

வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். அல்மாட்டியில் அஸ்கத் அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலிசெய்து, படம் எடுத்து அனுப்பினான்.

விருந்தில் நீள மேஜையின் தலைமாட்டில் அகா. அவருக்கு வலப்புறம், வழக்கமாகக் குவானிஷ் உட்காரும் இடத்தில், மர்ஜானை உட்காரவைத்தார்கள். தங்க ஜரிகை வைத்த வெல்வெட் அங்கி ஒன்றை அகாவே கொண்டுவந்து அவள் தோளில் போர்த்தினார். அது இரண்டு மர்ஜான்களுக்குத் தைத்தது. எழுந்து நிற்கையில் கைகள் உள்ளே காணாமல் போயின. எதிரே மாமியார் இப்போதே கண்ணைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். அகா கைகளை விரித்தார். எல்லோரும் விரித்தார்கள். மர்ஜானும் அங்கியின் நீண்ட கைகளுக்குள்ளிருந்து உள்ளங்கைகளைத் தேடி எடுத்து விரித்தாள்.

"மருமகளே! உன் பாதை திறந்தே இருக்கட்டும். எதிர்க்காத்து உனக்கு முன்னால படுத்துக்கட்டும்."

பயணத்துக்கான ஆசிதான். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"திறந்த பாதையில உன் புருஷனும் பிள்ளையும் இங்க திரும்பி வரட்டும்! அவனுக்குக் கிடங்குப் பிரிவுல நாற்காலி போட்டாச்சு. நம்ம எல்லாக் கிளைக்கும் இதே பெட்டி வரப்போகுது. அத்தனையையும் உன் கையே ஆளட்டும். இந்த வாசப்படியை விட்டு உன் கால் என்னைக்கும் நீங்காம இருக்கட்டும்!"

மர்ஜான் கண்ணைத் திறந்தாள். காசு என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. குவானிஷ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமின்" என்றது மேஜை முழுவதும் ஒரே குரலில், எல்லாவற்றையும்விட உரக்க மாமியார் குரல். ஆசியை ஏற்றதற்கு அடையாளமாக இரண்டு வரிசைக் கைகளும் ஒன்றாக உயர்ந்து முகங்களைத் தடவி இறங்கின. பேசத் தெரிவதற்கு முன்பே இதற்குப் பழகிவிட்ட அவளுடைய கைகளும், அவளைக் கேட்காமலே, உயர்ந்து முகத்துக்குப் போய்விட்டன. மற்றவர்களின் கைகள் எல்லாம் மேஜைக்கு இறங்கிய பிறகும் அவளுடையவை அங்கேயே இருந்தன. வெல்வெட் சரிந்து முழங்கையில் தொங்கியது.

பிறகு கறி வந்தது. நன்றாக வெந்திருந்தது.