மூழ்கிய விமானத்தின் உறை

அலெக்சாந்திரியாவில் பழைய வான்தபால் உறைகளைச் சேகரிப்பவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் இருந்தோம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மன்ஷியா சதுக்கத்துக் காப்பிக்கடையின் பின்னறையில் கூடுவோம். அந்த மேசைக்கு ராஜா வஜீஹ். ராம்லே பக்கம் மருந்துக்கடை வைத்திருந்தவர், அதனால் எல்லோருக்கும் ‘டாக்டர்’. எங்கள் யாரிடமும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் எங்கள் துறைமுகத்தருகே விழுந்து மூழ்கிய கடல் விமானத்தில் வந்த ஓர் உறை அது.

கராச்சியிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த தபால். மீனவர்கள் சில பைகளை வலைபோட்டு இழுத்தார்கள். அஞ்சல்தலைகள் கழன்று கடலோடு போயிருந்தன. தபால் நிலையத்தில் உறைகளை உலர்த்தி, ‘கடல்நீரால் சேதம்’ என்று ஊதா மையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். எகிப்தில் அப்படி ஒன்று தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று வஜீஹ் சொல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது.

1984 குளிர்காலத்தில் நஸ்மி இன்னொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

நஸ்மி சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். வஜீஹோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

“எங்கடா புடிச்ச?” என்றார் வஜீஹ். வாழ்த்துச் சொல்லவில்லை.

“தமன்ஹூர்ல. பழைய சாமான் கடையில ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கடுதாசி. அதுக்குள்ள கிடந்தது.”

“பிஸ்கட் டப்பாவுக்குள்ள.” வஜீஹ் பூதக்கண்ணாடியை எடுத்தார். “என்னோடதுல முத்திரை எழுத்து ஒவ்வொண்ணும் கூரா இருக்கு. இதுல கலங்கிப்போயிருக்கே?”

“தண்ணியில ஊறிக் காஞ்ச காகிதம்டா. அது மேல குத்தின மை கலங்காம என்ன செய்யும்?”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வஜீஹ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஃபிக்ரி, கண்காட்சிக்குப் போட்டோ எடுக்கறேன்னு என் உறையை ஒரு வாரம் வச்சிருந்தானே, ஞாபகமிருக்கா? அதைப் பார்த்துப் பண்ணியிருக்கான்.”

நஸ்மி அப்படிச் செய்யமாட்டார் என்றேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை என் கண் அவருடைய விரல்களில்தான் இருந்தது. ஊதா மை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன்.

சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே சாட்சிதான். அத்தாரீன் தெருவில் ரப்பர் முத்திரை செய்பவன் கடையில் நஸ்மியைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். வஜீஹ் கடைக்கே போய் விசாரித்தார். வீட்டு விலாச முத்திரைக்குத்தான் வந்தார் என்றான் கடைக்காரன். “வேற என்ன சொல்வான்? அவனும் கூட்டாளிதானே?” என்றார் வஜீஹ். மேசையில் பேச்சு பரவியது. நஸ்மி வந்தால் ஆல்பங்கள் மூடிக்கொண்டன. மாற்றிக்கொள்ள ஏதாவது கேட்டால், “இன்னைக்கு எடுத்துட்டு வரலையே” என்ற பதில். ஒரு நாள் துணிக்கடை லபீப், பெரிய மனிதர்களை அழைக்கும் ‘பே’ பட்டத்தைச் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“நஸ்மி பே, அடுத்த வாரம் பிரளயத்துல மிதந்த நூஹ் நபியோட கப்பல்ல வந்த தபால் கிடைக்குமா?”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். நஸ்மி தேநீரை நிதானமாகக் கலக்கிக் குடித்து முடித்தார்.

“ரெண்டையும் கெய்ரோவுக்கு அனுப்பி நிபுணர்கிட்ட காட்டிடலாம். என்ன சொல்ற?” என்றார் வஜீஹ்.

“வேண்டாம். உன்னோடது உன்கிட்ட இருக்கட்டும், என்னோடது என்கிட்ட இருக்கட்டும்.”

“ஏன், பயமா?”

“ஆமாண்டா. பயம்தான்.” நஸ்மி சட்டென்று பையிலிருந்து உறையை எடுத்து வஜீஹின் முன் வைத்தார். “கொண்டு போ. நான் வரல.”

அந்த ‘பயம்தான்’ போதுமானதாக இருந்தது எங்களுக்கு.

எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானும் வஜீஹோடு ரயிலேறினேன். நிபுணர் மதாம் அராக்ஸி ஓர் ஆர்மீனியப் பெண்மணி. சிகரெட்டை அணைத்துவிட்டு இரண்டு உறைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஜன்னல் கதவுகளைச் சாத்தி, ஒரு புறஊதா விளக்கைப் போட்டார்.

நஸ்மியின் உறை மங்கலாக, பழைய காய்ந்த ரொட்டி நிறத்தில் கிடந்தது. வஜீஹின் உறை நீல வெள்ளையாக ஒளிர்ந்தது.

“இது யாரோடது?” என்று ஒளிர்ந்ததைக் காட்டிக் கேட்டார்.

வஜீஹுடையது என்று நான்தான் சொன்னேன்.

“பாவம். காகிதத்துல இந்த வெளுப்பு மருந்தைப் போருக்கு அப்புறம்தான் கலக்க ஆரம்பிச்சாங்க, டாக்டரே. சலவைத்தூள்ல போடறாங்களே, அதே சரக்கு. விமானம் விழுந்தப்போ இந்தக் காகிதமே பிறக்கல. இன்னொண்ணு சுத்தமான அசல்.”

திரும்பும் ரயிலில் வஜீஹ் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். தன்தா ஸ்டேஷன் தாண்டியதும் முகம் சிவந்தது.

“மாத்திட்டான்.”

“எதை?”

“அந்த ஒரு வாரத்துல என் அசலை எடுத்துக்கிட்டு, போலியைத் திருப்பிக் குடுத்திருக்கான். அவன் காட்டினது என்னோடதுதான்!”

“விலாசம் வேறயா இருக்கே?”

“சுங்கத்துல இருந்தவனுக்கு விலாசத்தை அழிச்சு எழுதறது பெரிய காரியமா?”

எவ்வளவோ தடுத்தேன். ரயிலடியிலிருந்து நேரே நஸ்மியின் வீட்டுக்குத்தான் போனார். வீட்டில் உடுத்தும் கலாபியா அங்கியோடு கதவைத் திறந்த நஸ்மியிடம், உள்ளே வராமலே, “என் உறை எங்கடா?” என்றார்.

நஸ்மிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார்.

“போட்டோவுக்கு வெளிச்சத்துல வச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும், வஜீஹ். கறை ஓடின இடத்துல எழுதின மையெல்லாம் கலைஞ்சிருக்கு, முத்திரை மட்டும் புதுசாட்டம் நிக்குது; கடல்ல ஊறிக் காஞ்ச காகிதத்துல குத்தின மை அப்படிப் பரவாம நிக்காது. உன்கிட்ட சொல்ல வாய் வரல. அசல் ஒண்ணு கிடைச்சா ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்து நீயே புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன். கெய்ரோ வேண்டாம்னேனே, உனக்காகத்தான் பயந்தேன். முதல்ல என்னைப் போலிக்காரன்னீங்க. இப்ப திருடனா?”

“நம்பச் சொல்றியா?”

“வேண்டாம். கிளம்பு.” கதவு மூடியது.

மறுநாள் காலை வஜீஹ் என் வீட்டுக்கு வந்தார். நஸ்மியின் திருட்டை நிரூபிக்கப் பழைய படம் ஒன்று வேண்டும் என்றார். அறுபதுகளில் நடந்த கண்காட்சியின்போது அவருடைய உறையைப் பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நஸ்மி படமெடுக்க அதை வாங்கிப் போவதற்குப் பல வருடங்கள் முன்பு. அந்தப் பக்கத்தைச் சங்கக் கோப்பில் தேடி எடுத்தேன். விளக்கில் ஒளிர்ந்த உறையைப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் இருவரும் பார்த்தோம்.

ஒட்டகக் கழுத்துப் போல வளைந்த அதே கறை. மூலையில் அதே கிழிசல். கறையை அச்சு அசலாகப் படியெடுக்க யாராலும் முடியாது. யாரும் எதையும் மாற்றவில்லை. நாட்டை விட்டுக் கிளம்பிய ஓர் இத்தாலிய ஏலக்காரனிடம் வஜீஹ் ஆசையாக வாங்கியதே போலிதான்.

“அவன் வாசல்ல நின்னு…” என்றார் வஜீஹ். என் மனைவி கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை வஜீஹ் உட்காராமல், இரண்டு உறைகளையும் மேசையில் வைத்தார்.

“போலி என்னோடது. அசல் நஸ்மியோடது. அவனைப் பார்த்து நீங்க சிரிச்சீங்களே, சிரிக்க வச்சவன் நான்தான். அதோட நிக்காம, அவன் வீட்டு வாசல்லயே போய் அவனைத் திருடன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

லபீப் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே உறையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். நஸ்மி உள்ளே கூப்பிட்டார், காப்பி போட்டார். வஜீஹ் மன்னிப்புக் கேட்டு அழுதபோது தோளில் தட்டி, “விடுடா, வயசான காலத்துல” என்றார். இருவரும் மறுபடி ஒன்றாகத் தாயக்கட்டை ஆடினார்கள், ஈஸ்டருக்கும் ரமதானுக்கும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்கள்.

மன்ஷியா மேசைக்கு மட்டும் நஸ்மி அதன்பின் வரவில்லை. “புதுசா ஏதாவது கிடைச்சுதா?” என்று வஜீஹ் கேட்கும்போதெல்லாம், “ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் விட்டாச்சு” என்பார். பாஸ்ராவிலிருந்தும் கார்ட்டூமிலிருந்தும் அவருக்குப் பழைய உறைகள் பதிவுத்தபாலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன என்று எங்கள் தெருத் தபால்காரர் சொல்லி எனக்குத் தெரியும். வஜீஹுக்கும் தெரிந்திருக்கும்.